உதைபந்தாட்ட அரங்கின் தனித்தன்மை

கட்டடங்கள் பலவற்றுள்ளும் விளையாட்டரங்கு ஒரு தனி வகையைச் சார்ந்தது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது வெறுமையாகக் கிடக்கும். ஏதோவொரு மாலைப் பொழுதில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நகரத்து மக்களிற் பெரும்பகுதியினர் அங்கே திரண்டுவிடுவர். தந்தையும் மகனும் பேரனுமாக ஒரே படிவரிசையில் இருந்து ஆட்டங்கண்ட அரங்கு, காலப்போக்கில் அவ்வூராரின் நினைவோடு இரண்டறக் கலந்துவிடுகின்றது. ஆதலின், பழைய அரங்கை நீக்கிப் புதியதொன்றை எழுப்ப முனைவோர் இரு கடமைகளை ஏற்கின்றனர். ஆட்டத்தை நன்கு காணவும் இடரின்றி வந்துபோகவும் ஏற்ற இடத்தை அமைத்தல் ஒன்று. அவ்விடம் இன்ன ஊருக்கே உரியது என்பதைப் பார்த்த மாத்திரத்தே உணரச் செய்தல் மற்றொன்று. முதலாவது கடமை கணக்கினால் நிறைவேறும். இரண்டாவது அத்துணை எளிதன்று.

புதிய அரங்குகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குக் கட்டடக் கலைஞரின் கற்பனை வறட்சியே காரணம் என்பது பொருந்தாது. கணக்கே அவர்களை ஓரிடத்துக்கு இட்டுச் செல்கின்றது. பெரும் போட்டிகளுக்குரிய ஆடுகளம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உடையது. பந்தைத் தெளிவாகக் காணவேண்டின், எந்த இருக்கையும் ஆடுகளத்தின் அதி தூரத்து மூலையிலிருந்து 190 மீற்றருக்கு அப்பால் அமைதல் கூடாது என்பர்; 150 மீற்றருக்குள் அமைதல் சிறப்பு. அடுத்து, ஒருவரின் பார்வை முன்னிருப்பவரின் தலைக்கு மேலாகச் சென்று ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை எட்டவேண்டும். அப்பார்வைக் கோட்டுக்கும் முன்னிருப்பவரின் கண்மட்டத்துக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு 120 மில்லிமீற்றராயின் காட்சி மிக நன்றாக இருக்கும். 90 ஆயினும் குறையில்லை. 60க்குக் குறைந்தால் கழுத்தை நீட்டியே பார்த்தல் வேண்டும். இவ்விடைவெளியை எல்லா வரிசைக்கும் அளிப்பதற்கு, பின்னே செல்லச் செல்ல ஒவ்வொரு படியும் முன்னையதினும் சற்றுக் கூடுதலாக உயரவேண்டியதாகின்றது. எனினும், சரிவு ஏறத்தாழ 35 பாகையை மிஞ்சினால் ஏறி இறங்குவோருக்கு ஆபத்து. இவ்விதிகளையெல்லாம் ஒருங்கே வைத்துக் கணக்கிடுவோர், எந்நாட்டவராயினும், முடிவில் ஆடுகளத்தைச் சுற்றி வளைந்த ஒரு பெருங் கிண்ணத்தையே வரைகின்றனர்.

பழைய அரங்குகள் இவ்வாறு பிறந்தவை அல்ல. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில், செங்கல் வீடுகள் நெருங்கிய தெருக்களின் நடுவே கிடைத்த நிலத்தில் அவை பகுதி பகுதியாக வளர்ந்தன. லிவர்பூல் நகரில் 1892இல் திறக்கப்பட்ட குடிசன் பார்க் அரங்கின் ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம் நிற்கின்றது. பார்வையாளர் மேடைகள் அதற்கு இடம்விட்டே எழுந்தன. இத்தகைய கோணல்களே அவ்வரங்குகளுக்கு முகமாயின. ஆனால், அழகுக்காக அவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கலாம் என்று எவரும் கூறிவிட இயலாது. 1989 ஏப்பிரில் 15ஆம் நாள் செபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில், நின்று பார்க்கும் மேடையில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பலிகொண்டது. அதனை ஆராய்ந்த நீதியரசர் ரெயிலர் 1990இல் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, உயர்பிரிவுக் கழகங்களின் அரங்குகள் யாவும் இருக்கைகள் மட்டுமே கொண்டனவாக மாறின. கழகங்கள் பல பழைய இடத்தைத் துறந்து, நகர்ப்புறத்து வெளிகளிற் புதிய அரங்குகளைக் கட்டின. உயிருக்குப் பாதுகாப்புக் கிட்டியது. அது பெரும் பேறே. ஆயினும் இருக்கைகளின் நிறத்தை மறைத்துவிட்டால் இது எந்த ஊர் அரங்கு என்று இரசிகரே தடுமாறும் நிலையும் உடன் வந்தது.

இக்குறையை நீக்க இக்காலத்தார் கையாளும் வழிகளுள் எளியது, கிண்ணத்துக்கு ஓர் ஆடை அணிவித்தலாகும். ஜேர்மனியின் மியூனிக் நகரில் 2005இல் திறக்கப்பட்ட அரங்கை, காற்றடைத்த 2,700க்கும் மேற்பட்ட மெல்லிய தகட்டுப் பைகள் போர்த்தியுள்ளன. இரு கழகங்கள் அதனைப் பகிர்ந்திருந்த காலத்தில், ஒன்றன் ஆட்டத்தின்போது செவ்வொளியும் மற்றையதன் ஆட்டத்தின்போது நீலவொளியும் அப்பைகளிற் பாய்ச்சப்பட்டன. ஒரே வீட்டில் இரு குடித்தனம் நடத்துவோர்க்கு அது தக்க உபாயந்தான். கட்டார் நாட்டில் 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கென எழுந்த அரங்குகளுள் ஒன்று பாலைநில மக்களின் கூடாரம் போலவும், வேறொன்று அரபு ஆடவர் அணியும் தொப்பி போலவும் அமைந்தன. தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு இவை மறக்கவொண்ணாத காட்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உள்ளே புகுந்து இருக்கையில் அமர்ந்தவுடன் பழைய கிண்ணமே கண்முன் நிற்கின்றது.

சைவ மரபில் ஒரு கோயிலின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றும் சேர்த்தே கூறுவர். கருவறை முதலாகக் கோபுரம் ஈறாக ஆகம விதி ஒன்றேயாயினும், மலையும் மரமும் நீர்நிலையும் ஒவ்வொரு தலத்தையும் வேறாக்கிவிடுகின்றன. அரங்கின் தனித்தன்மையையும் அவ்வாறு தலத்திலே தேடிக் கண்டவர், போர்த்துக்கல் நாட்டுக் கட்டடக் கலைஞரான எடுவார்டோ சௌத்தோ டி மௌரா.

அந்நாட்டின் வடபாலுள்ள பிராகா நகரம், 2004இல் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக ஏறத்தாழ 30,000 பேர் அமரத்தக்க அரங்கொன்றை வேண்டியது. பள்ளத்தாக்கின் நீரோட்டத்துக்குக் குறுக்கே அணைபோல் அது நின்றுவிடலாகாது என்று கருதிய கலைஞர், அரங்கை மலைச்சாரலுக்கு நகர்த்தினார். அங்கே கைவிடப்பட்ட கருங்கற் குழியொன்று இருந்தது. பாறையை வெடிவைத்துப் பிளந்து இடம் ஆக்கினர். பிளந்த கல்லை நொறுக்கிக் கொங்கிறீற்றிற் சேர்த்தனர். ஆகவே, மலையிலிருந்து அகற்றப்பட்ட கல்லே அரங்காகி எழுந்தது எனலாம்.

இவ்வரங்கில் மேடைகள் இரண்டே உள்ளன. இரண்டும் ஆடுகளத்தின் நெடும்பக்கங்களில் நிற்கின்றன. கோற் கம்பங்களின் பின்னே இருக்கைகள் இல்லை. ஒரு முனையில் வெட்டுண்ட பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது; மறுமுனை திறந்து, நகரத்தையும் அப்பாலுள்ள வெளியையும் காட்டுகின்றது. கோலின் பின்னிருந்து பார்ப்போருக்கு எதிர்முனை ஆட்டம் தொலைவில் நிகழ்வதால், நெடும்பக்கக் காட்சியே சிறந்ததென்பது யாவரும் அறிந்தது. மற்றைய கலைஞர் அவ்வுண்மையை அறிந்தும் கிண்ணத்தை மூடினர். இவரோ அதனையே துணையாகக் கொண்டு கிண்ணத்தை உடைத்தார்.

கூரையின் அமைப்பும் ஆராயத்தக்கது. தென்னமெரிக்காவில் இன்கா மக்கள் பள்ளங்களின் குறுக்கே கட்டிய கயிற்றுப் பாலங்களே அதற்கு முன்மாதிரி. ஒரு மேடையின் உச்சியிலிருந்து மறுமேடையின் உச்சி வரை, சுமார் 200 மீற்றர் தூரத்துக்கு உருக்கு வடங்கள் ஆடுகளத்துக்கு மேலாகச் செல்கின்றன. மேடைகளின் மேல் மட்டும் அவ்வடங்கள் கொங்கிறீற்றுப் பலகைகளைத் தாங்க, நடுவே வடங்கள் வெறுமையாக நிற்கின்றன. இரு மேடைகளும் வடங்களைப் பிடித்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும் தோற்றம் காண்போரை வியப்பிலாழ்த்தும். நடுப்பகுதி திறந்திருப்பதால் ஆடுகளத்துப் புல்லுக்கு வேண்டிய வெயிலும் காற்றும் கிடைக்கின்றன. சௌத்தோ டி மௌரா 2011இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற விழாவில் உரையாற்றிய அமெரிக்க சனாதிபதி ஒபாமா, நுழைவுச்சீட்டு வாங்க வசதியற்றவரும் சூழவுள்ள மலைச்சரிவுகளிலிருந்து ஆட்டத்தைக் காணத்தக்கதாக இவ்வரங்கு அமைந்திருப்பதை எடுத்துரைத்தார். ஊரவர் இதனைக் ‘கற்குழி’ என்றே வழங்குகின்றனர்.

குறைகளும் உள. செலவு முதல் மதிப்பீட்டைப் பெரிதும் தாண்டி, மாநகர சபைக்கு நெடுநாட் சுமையாயிற்று. இரு முனைகளும் திறந்துகிடப்பதால் இரசிகரின் ஆரவாரம் அரங்கினுள்ளே தங்குவதில்லை. உதைபந்தாட்டத்தை நாடகம்போல் அமர்ந்து காண்பவருக்கு இது குறையன்று. பாடியும் ஆர்ப்பரித்தும் ஆட்டத்திற் பங்குகொள்ள விரும்புவோர்க்குப் பெருங்குறையே.

தலத்தை நாடிச் செல்லுதலிலும் ஓர் ஆபத்து உண்டென்பதற்கு லிவர்பூல் சான்று. குடிசன் பார்க்கில் ஆடிவந்த எவர்ட்டன் கழகத்தின் ஆடவர் அணி, 2025இல் ஆற்றங்கரையிலுள்ள பழைய கப்பல் துறையொன்றில் எழுப்பப்பட்ட அரங்குக்குக் குடிபெயர்ந்தது. துறைமுகப் பண்டகசாலைகளை நினைவூட்டும் செங்கற் சுவர்கள் அதற்கு அமைந்தன. ஆனால் அத்துறையை நிரப்பி அரங்கு கட்டுதல், நகரின் துறைமுகப் பகுதிக்கு யுனெஸ்கோ அளித்திருந்த உலக மரபுரிமைத் தகுதி 2021இல் பறிபோனதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஓரிடத்தின் பழமையை அரங்குக்கு அணியாக்க முனைந்தமை, அவ்விடத்தின் பழமைக்கே ஊறாயிற்று.

ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரத்தார் வேறொரு நெறியைக் கண்டனர். 1913இல் திறக்கப்பட்ட சான் மாமேஸ் அரங்கைக் கைவிட நேர்ந்தபோது, அவர்கள் புறநகரை நாடவில்லை. பழையதன் அருகிலேயே, ஓரளவு அதன் நிலத்தின்மீதே, புதியதைக் கட்டினர். 2013 செப்டெம்பரில் அது திறக்கப்பட்டபோது மூன்று பக்கங்களே முடிந்திருந்தன. நான்காவது பக்கத்துக்குரிய நிலத்திற் பழைய அரங்கு நின்றமையே காரணம். ஆட்ட நாளில் இரசிகர் கூடிக் களித்துச் செல்லும் அதே தெரு அரங்கின் வாயிலில் முடிகின்றது. பெயரும் மாறவில்லை. பழைய அரங்கின் முதற் கோலை அடித்தவரும் 1922இல் இளமையிலேயே மறைந்தவருமான பிச்சிச்சி என்ற வீரருக்கு 1926இல் மார்பளவுச் சிலையொன்று வைத்திருந்தனர். அச்சிலையும் புதிய அரங்குக்கு வந்துவிட்டது. முதன்முறையாக அங்கே ஆடவரும் கழகத்தின் தலைவர், ஆட்டம் தொடங்குமுன் அதன் அடியில் மலர்க்கொத்து வைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கின்றது.