உங்களுக்குத் தெரியுமா? சத்திரக்காரர் யார்?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம்; காஞ்சிபுரம் பக்கம் போனால் பாலுச்செட்டிசத்திரம். வழிப்போக்கர்கள் தங்கிய சத்திரங்களே ஊர்ப் பெயர்களாகிவிட்டன.

● ‘சத்திரம்’ வடமொழி ‘ஸத்ர’த்திலிருந்து வந்தது. பல நாள் நடக்கும் சோம வேள்விக்கு அது பெயர். பிறகு அன்னதானம் நடக்கும் இடத்தையும் குறித்தது.

● அதனால் சத்திரக்காரர் வாடகை வாங்கும் முதலாளி அல்ல. தருமவான்கள் எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தில் அடுப்பு மூட்டி, வந்தவருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்தவர்.

● ஆங்கிலேயர் சத்திரம், சாவடி இரண்டையும் ‘சௌல்ட்ரி’ என்றனர். பழைய மதராஸில் ‘சௌல்ட்ரி கோர்ட்’ என்றே ஒரு நீதிமன்றம் இருந்தது.

● இடைக்கால ஆங்கிலத்தில் விடுதிக்காரர் ‘ஹாஸ்டலர்’. அந்தச் சொல் தேய்ந்து ‘ஆஸ்லர்’ ஆனபோது, விடுதியின் குதிரைக்காரரைக் குறித்தது.

● ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிட்டல் மூன்றுக்கும் மூலம் லத்தீன் ‘ஹோஸ்பெஸ்’. விருந்தினர், விருந்தோம்புபவர் இருவருக்கும் அதுவே பெயர்.

● தமிழில் ‘விருந்து’ என்றால் முதலில் புதுமை. பிறகு புதிதாக வந்தவர். அதன் பிறகே சாப்பாடு.

இன்று: ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது சூடான சாப்பாடும் பாதுகாப்பான படுக்கையும் காத்திருக்க வேண்டும். அந்தப் பழைய தருமம் இன்று ஹாஸ்டல் வார்டன், சமையல்காரர் கைகளில் இருக்கிறது.