முட்டுக்காட்டில் அறிவை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் படகுத்துறையைப் பார்ப்பார்கள், தட்சிணசித்ராவுக்குள் திரும்புவார்கள், கோவளம் கடற்கரையில் கால் நனைப்பார்கள். அதே சாலையோரத்தில் மனிதனின் அறிவை அளந்து பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். 'நிப்மெட்' என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றிய அரசு 2005இல் தொடங்கியது. கண், காது, கை கால், அறிவு என்று ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்காகவே நாட்டில் ஏற்பட்ட தேசிய நிறுவனம் இது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், உப்பங்கழி ஓரத்தில்!

பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ "ஐ.க்யூ. பார்த்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். பெரிய மெஷின் இருக்குமோ, மூளையை ஸ்கேன் எடுப்பார்களோ, ஊசி போடுவார்களோ என்று பயப்படுவார்கள். எதுவும் கிடையாது! உளவியலாளரின் மேஜைமேல் இருப்பது மரத்துண்டுகள், படங்கள், ஒரு ஸ்டாப்வாட்ச், தாள், பென்சில். அவ்வளவுதான்.

அதில் ஒரு பலகையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சேகன் பலகை என்று பெயர். பத்துப் பள்ளங்கள் வெட்டிய மரப்பலகை. வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம், நீள்வட்டம், அறுகோணம், சாய்சதுரம், செவ்வகம். பத்துக் கட்டைகளையும் எடுத்து மூன்று அடுக்காகக் குவித்து வைப்பார்கள். "சீக்கிரமா அதது இடத்துல வை, கண்ணு" என்று சொன்னதும் வாட்ச் ஓட ஆரம்பிக்கும். மூன்று முறை செய்யவேண்டும், மூன்றில் எது குறைந்த நேரமோ அதுதான் கணக்கு. அந்த வினாடிகளை அட்டவணையில் பார்த்தால், எத்தனை வயதுப் பிள்ளை சராசரியாக இந்த வேகத்தில் செய்யும் என்று தெரிந்துவிடும். பேச்சு வராத பிள்ளைக்கும் இதைச் செய்யலாம், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைக்கும் செய்யலாம். அனுபவமுள்ள உளவியலாளரின் கண் வாட்சில் மட்டும் இருக்காது. நட்சத்திரத்தைச் சிலுவைப் பள்ளத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறதா, இல்லை திருப்பிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடுகிறதா? இரண்டு கையையும் பயன்படுத்துகிறதா? முதல் தடவை செய்த தப்பை மூன்றாவது தடவையும் செய்கிறதா? வினாடிக் கணக்கைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது இந்தக் கவனிப்புதான்.

இன்னொரு அதிசயம் தெரியுமா? இந்தப் பலகை அளப்பதற்காகப் பிறந்ததே இல்லை! எடுவார் சேகன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில், "இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே முடியாது" என்று உலகம் ஒதுக்கிவைத்த பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்துகொண்ட சாதனங்களில் இருந்து வந்தது. கற்பிக்க வந்த கட்டைகள் பின்னாளில் அளவுகோல் ஆகிவிட்டன.

அறிவுச் சோதனைகளின் மூலக்கதையும் பாரிஸில்தான் நடக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் பள்ளிக்கு வரவேண்டும் என்று பிரான்சில் சட்டம் வந்தபின், வகுப்பில் திணறுகிற பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1904இல் அரசு ஒரு குழு போட்டது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினேயும், தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவரும் 1905இல் 30 சோதனைகளை வெளியிட்டார்கள். முதல் சோதனை என்ன தெரியுமா? எரிகிற தீக்குச்சியை முகத்துக்கு முன்னால் அசைப்பார்கள், கண் அதைத் தொடர்ந்து போகிறதா என்று பார்ப்பார்கள்! நான்காவதில் ஒரு சாக்லேட் துண்டு, ஒரு மரத்துண்டு. எது தின்னக்கூடியது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா? ஐந்தாவதில் சாக்லேட்டைத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள், பிரித்துத் தின்கிறதா? இப்படிப் படிப்படியாக ஏறி, முப்பதாவது சோதனையில் மரியாதைக்கும் அன்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிற அளவுக்குப் போய்விடும். தீக்குச்சியில் தொடங்கி அங்கே போய் நிற்கிற ஏணி!

பினே முதலில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்துகொண்டிருந்தார்! பெரிய தலை என்றால் பெரிய அறிவு என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். அளந்து அளந்து பார்த்ததில் அப்படியொன்றும் இல்லை என்று தெரிந்ததும் அந்த வழியையே கைவிட்டார். வீட்டில் தன் இரண்டு பெண் குழந்தைகள் மதலீனும் அலிசும் எப்படி யோசிக்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தார். அறிவு கல்லில் வெட்டிய எழுத்து இல்லை, பயிற்சியால் கூடும் என்று கடைசிவரை வாதாடினார். 1911இல் அவர் போய்ச் சேர்ந்தபின் அதே சோதனை அமெரிக்காவில் வேறு வேலைக்குப் போனது. கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை எல்லிஸ் தீவில் உட்காரவைத்துச் சோதித்து, "மந்த புத்தி" என்று முத்திரை குத்தினார்கள். உதவி செய்யப் பிறந்த கருவி ஆளை ஒதுக்கவும் பயன்பட்டது. இந்த வரலாற்றை மறைத்துவிட்டு ஐ.க்யூ. பற்றிப் பேசுவது நியாயம் இல்லை.

இந்தியாவுக்கு எப்போது வந்தது? ஹெர்பர்ட் ரைஸ் என்பவர் லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்தபடி பினே சோதனையை இந்துஸ்தானிக்குக் கொண்டுவந்தார், 1929இல் நூலாக வெளியானது. நமக்குப் பக்கத்தில் தார்வாடில் வி. வி. காமத் கன்னடம், மராத்தி பேசுகிற குழந்தைகளுக்கு ஏற்ப அதைத் திருத்தியமைத்தார். 'பினே-காமத்' என்ற பெயரில் இன்றும் இந்திய மருத்துவமனைகளில் அது புழங்குகிறது! 1955இல் வந்த சி. எம். பாட்டியாவின் ஐந்து சோதனைகள் இன்னும் சுவாரஸ்யம். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் பொருந்தவேண்டும் என்று உத்தரப் பிரதேசத்தில் உருவாக்கியவை. வண்ணக் கட்டைகளை அடுக்கி, படத்தில் உள்ள கோலம் மாதிரியே கொண்டுவரவேண்டும். ஒரு சின்னப் பெட்டிக்குள் சிவப்புக் கட்டையும் நீலக் கட்டையும் இருக்கும், தூக்கக் கூடாது, நகர்த்தி நகர்த்தியே இடம் மாற்றவேண்டும். பென்சிலை எடுக்காமல், போன கோட்டில் மறுபடி போகாமல் உருவம் வரையவேண்டும். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் தினமும் செய்கிற சிக்குக்கோல வேலைதானே இது!

ஒரு பாடத்தில் தேறுகிற பிள்ளை பெரும்பாலும் மற்றதிலும் தேறுகிறதே, எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஒரு திறன் இருக்கிறதோ என்று 1904இல் கேட்டவர் பின்னாளில் லண்டனில் பேராசிரியரான சார்ல்ஸ் ஸ்பியர்மன்.

சரி, அந்த ஐ.க்யூ. எண் எப்படி வருகிறது? ஆரம்பத்தில் கணக்கு எளிது. 8 வயதுப் பிள்ளை 6 வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்தால் மன வயது 6. ஆறை எட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் 75. பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. நாற்பது வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் மன வயதில் என்ன வித்தியாசம் சொல்வது? அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் வேறு வழி கண்டார். உன் வயதுக்காரர்கள் மத்தியில் நீ எங்கே நிற்கிறாய், அதை மட்டும் பார்ப்போம் என்றார். சராசரி 100. மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள், 70க்குக் கீழே நூற்றுக்கு இரண்டு பேர்தான். இது வகுப்பில் வாங்குகிற ரேங்க் மாதிரி. அரிசியை நிறுப்பதுபோல இத்தனை கிலோ அறிவு என்று யாராலும் சொல்ல முடியாது! அதோடு எந்த எண்ணும் சில புள்ளிகள் முன்பின் ஆகும், அதனால்தான் நல்ல அறிக்கையில் ஒற்றை எண்ணோடு ஒரு வரம்பும் இருக்கும்.

மொழிகூட மார்க்கை மாற்றும், தெரியுமா? வினாடிக்கு ஒன்று வீதம் எண்களைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வது ஒரு சோதனை. பிரிட்டனில் வெல்ஷ் மொழி பேசுகிற குழந்தைகள் இதில் பின்தங்கினார்கள். காரணம் 1980இல் வெளிவந்தது: வெல்ஷ் எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது, நாக்குக்கு நேரமானால் நினைவில் நிற்பது குறைகிறது! தமிழ்க் குழந்தையைத் தமிழில்தான் சோதிக்கவேண்டும், அதுவும் தமிழ்க் குழந்தைகளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்று உளவியலாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனையில் பிள்ளையிடம் எதுவுமே கேட்க மாட்டார்கள்! அம்மாவிடம் கேட்பார்கள். 'வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவை.' 1935இல் எட்கர் டால் அமெரிக்காவில் தொடங்கியது. நாக்பூரில் ஏ. ஜே. மாலின் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்றினார், மொத்தம் 89 கேள்விகள். தம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கிறானா? சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறாளா? சூடான பாத்திரம், படிக்கட்டு என்றால் ஒதுங்கத் தெரியுமா? தெருவில் தனியாகப் போய்வருவானா? இதைக் கேட்டால் எந்த அம்மாவும் மளமளவென்று சொல்லிவிடுவார். சோதனை அறையில் பயந்து வாயே திறக்காத பிள்ளை, வீட்டில் தம்பிக்குச் சோறு ஊட்டுகிறது என்பது இங்கேதான் வெளியே வரும். அறிவுசார் குறைபாடு என்று சொல்ல ஐ.க்யூ. மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையையும் பார்த்தாகவேண்டும் என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட விதி. 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் இந்த அளவையில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீத மாற்றுத்திறன், 36 முதல் 54 என்றால் 75 சதவீதம் என்று வகுத்தார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சட்டப்படியான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். முட்டுக்காட்டில் ஸ்டாப்வாட்ச் ஓடுவது இதற்காகத்தான். கடைசியில் வருகிற எண் ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகையாக, சிறப்புப் பயிற்சியாக, பஸ் பாஸாக மாறுகிறது.

இப்போது உண்மையிலேயே மூச்சை நிறுத்துகிற விஷயம். பணக்கஷ்டம் அறிவுச் சோதனை மார்க்கைக் குறைக்குமா? இதைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நம் தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில்! ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து, 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கரும்பு விவசாயிக்கு வெட்டியபிறகு ஆலையிலிருந்து மொத்தமாகப் பணம் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்துவிடும், நகை அடகுக்குப் போகும், கடன் ஏறும். ஒரே மனிதரை வெட்டுக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்தார்கள். வைத்தது ரேவன் என்ற ஆங்கிலேயர் 1938இல் உருவாக்கிய படப்புதிர் சோதனை, ஒரு எழுத்துகூடப் படிக்கவேண்டாம், வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடித்தால் போதும். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரி, வெட்டுக்குப் பின் 5.45! அதே ஆள், அதே மூளை!

இரண்டாவது முறை என்பதால் பழகிப்போய் நன்றாகச் செய்திருப்பார்களோ? அதற்கும் வழி செய்திருந்தார்கள். நூறு விவசாயிகளை ஒதுக்கிவைத்து, அறுவடைக்குப் பின்தான் முதல்முறையாகச் சோதித்தார்கள். அப்போதும் முடிவு மாறவில்லை. மழை, வெயில், மாதம் காரணமாக இருக்குமோ? ஆலை ஆளுக்கொரு தேதியில்தான் வெட்டச் சொல்கிறது, ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம், பக்கத்து வயல்காரர் கையில் அடகுச் சீட்டு. இன்னொரு சோதனையும் வைத்தார்கள்: தாளில் 5 5 5 என்று இருக்கும், "எத்தனை எண் இருக்கு?" என்றால் மூன்று என்று சொல்லவேண்டும், வாயில் ஐந்து என்று வரும்! அறுவடைக்கு முன் இதில் நேரமும் அதிகம், தப்பும் அதிகம். ஆய்வின் முடிவுகளை அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். கடன்காரன் வாசலில் நிற்கிறபோது புத்தி வேலை செய்யாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எண்களில் காட்டியது நம் விவசாயிகள்தான்!

எண் மாறக்கூடியது என்பது அரசுக்கும் தெரியும். அதே 2018 வழிகாட்டியில் பிள்ளைகளுக்கான சான்றிதழை 5 வயதில், 10 வயதில், 18 வயதில் மறுபடி பார்த்துப் புதுப்பிக்கச் சொன்னார்கள், 18இல் தருவதுதான் ஆயுளுக்கும் என்றார்கள்.

பிள்ளையை அழைத்துப் போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளை, சொன்னது புரியாத பிள்ளை மாதிரியே தெரியும்! கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மறக்காமல் போட்டுக் கூட்டிப்போங்கள். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டு வரட்டும். யூடியூபில் பார்த்து வீட்டிலேயே சோதனையைப் பழக்காதீர்கள், பழக்கினால் எண் பொய்யாகும், தேவையான உதவி கிடைக்காமல் போகும். ஐ.க்யூ. எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எந்தச் சோதனை வைத்தீர்கள், எதில் நன்றாகச் செய்தான், எதில் திணறினான், வீட்டில் நாளையிலிருந்து நாங்கள் என்ன செய்யவேண்டும், மறுபடி எப்போது பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். பதிலை அறிக்கையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.