பாரிஸ் இரவும் புதுவைச் சட்டமும்

முன்பின் அறியாத இரு வாலிபர் பின்னிரவு 4.27-க்குப் பாரிஸ் நகர விடுதியொன்றில் சந்தித்து, 5.59-க்குள் காதலராகின்றனர். 2016-ல் வெளிவந்த ‘தெயோ, ஹியூகோ’ என்னும் பிரெஞ்சுப் படத்தின் கதை இவ்வளவே. இடையே எச்.ஐ.வி. அச்சமும் ஆஸ்பத்திரியும் குறுக்கிடுகின்றன, போலீஸ் குறுக்கிடவில்லை. ஆணும் ஆணும் கூடுவதைப் பிரான்ஸ் 1791-லேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

நமது புதுவைக் கடற்கரையில் அத்தகைய இருவர் உலாவியிருந்தால்? பிரெஞ்சுக் கொடி பறந்த நாளில் சட்டம் வாளாவிருந்திருக்கும். ஊரார் வாயைச் சொல்லவில்லை! 1954-ல் அந்நியர் அகன்றனர். 1963 அக்டோபர் 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு அமுலாயிற்று. அதன் 377-வது பிரிவு 1860-ல் ஆங்கிலேயர் இயற்றியது. ஆயுள் தண்டனை வரை விதித்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து மீண்ட ஊருக்குப் பிரிட்டிஷாரின் விலங்கு! எமது வக்கீல் தொழிலுக்கு இது பெருமையன்று. வயது வந்தோரின் மனமொத்த உறவைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் 6-ல்தான் சுப்ரீம் கோர்ட் அதைத் தறித்தது.