கஞ்சித்தொட்டி முதல் ரிப்பன் மாளிகை வரை

வட சென்னையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். 1782-ல், ஹைதர் அலியுடன் நடந்த போரால் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஊரைவிட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக ராயபுரத்துக்கு அருகே மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. அதன் பக்கத்தில் வளர்ந்த வைத்தியசாலைதான் இன்றைய ஸ்டான்லி. பட்டினத்தின் வாசலில் கிராமம் பசியோடு வந்து நின்ற இடம் அது.

நகரம் ஏன் செழிக்கிறது, கிராமம் ஏன் வாடுகிறது என்று கேட்டால், மழை இல்லை, தொழிற்சாலை இல்லை, படிப்பு இல்லை என்று பலர் பதில் சொல்வார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் ஒரே கிராமத்தில், அதே மழையில், ஊர்த்தெருவில் மாடி வீடும் சேரியில் கூரை வீடும் எப்படி வந்தன? இதற்கு அந்தப் பதில்கள் போதாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிலம் யார் கையில் இருந்தது?

பஞ்சமும் துறைமுகமும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. உள்நாட்டு விளைச்சலைக் கடற்கரைக்குக் கொண்டுவர அந்தத் தண்டவாளம் உதவியது. அடுத்த இருபது ஆண்டுகளில், 1876-78-ல், மதராஸ் மாகாணத்தையே உலுக்கிய தாது வருடப் பஞ்சம் வந்தது. பல லட்சம் பேர் மாண்டார்கள். அந்த நேரத்திலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறுவது நிற்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னைக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, இப்படிப் பஞ்சத்தில் வந்தவர்கள் வெட்டியது. மதராஸின் செயற்கைத் துறைமுக வேலையும் அதே காலத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

பஞ்சம் எல்லோருக்கும் வந்தது. ஆனால் முதலில் செத்தவர்கள் விதைநெல்கூட இல்லாத பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள்.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பறையர் மக்களுக்கு உழ நிலமில்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரரின் தயவில்தான் இருக்கிறது, அதனால் வாய் திறக்க முடியவில்லை என்பதை அதில் விளக்கினார். அதன் விளைவாக 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது இதுதான். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த கதை. அதைக் கேட்டுப் போராடியபோதுதான், 1994 அக்டோபரில், செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். காரணை நிலப் போராட்டம் என்று வரலாறு அதைச் சொல்கிறது.

ஊரில் காணி இருந்தவரும் இல்லாதவரும்

நிலம் இல்லாதவர் நகரத்துக்கு வந்துவிட்டால் சமமாகிவிடுவாரா? 1921-ல் நடந்த பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். அது மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அது கலவரமாகி, புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஊரில் காணி உள்ளவர் வேலைநிறுத்தம் முடியும்வரை ஊருக்குப் போய்ச் சாப்பிடலாம். காணி இல்லாதவருக்கு நகரத்துக் கூலி நின்றால் அடுப்பு நின்றது. கிராமத்தில் இல்லாத ஒரு துண்டு நிலம், நகரத்தில் போராடும் பலத்தையும் பறித்துவிட்டது என்பதே நாம் அதில் படிக்கும் பாடம்.

இது நம் நாட்டோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் வெள்ளையர் அரசு ஒரு நிலச் சட்டம் போட்டது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு 7 சதவீத நிலம் மட்டுமே விடப்பட்டது. நிலமிழந்தவர்கள் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்துக்குக் குறைந்த கூலிக்குப் போனார்கள். நகரத்துத் தங்கமும் கிராமத்து வறுமையும் ஒரே சட்டத்தில் பிறந்தன. அங்கே சட்டம் செய்ததை இங்கே சாதி செய்தது. இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் சாகுபடி செய்யும் நிலம் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

சாம்பல் யாருக்கு?

நகரத்துக்குள்ளும் ஒரு சேரி உண்டு. அதன் பெயர் வட சென்னை. 1970 முதல் எண்ணூரிலும், 1994 முதல் அத்திப்பட்டிலும் நிலக்கரியில் மின்சாரம் தயாரானது. அந்த நிலக்கரியை இறக்கவே 2001-ல் எண்ணூரில் புதிய துறைமுகம் வந்தது. மின்சாரம் ஊரெங்கும் போனது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றிலும் செப்பாக்கம் பக்கத்திலும் தங்கிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு முகத்துவாரம் வரை பரவியபோது, மீனவரின் வலையும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் பிழைப்பும் ஒருசேரப் போயின.

துறைமுக வேலையும் மாறியது. 1983-ல் சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் வந்தது. மூட்டை சுமந்த தோள்களின் இடத்தில் கிரேன் நின்றது. கப்பல்கள் பெருகின, நம் ஆட்களுக்கான வேலை பெருகவில்லை.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததை நாம் மறக்க முடியாது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்துத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், பெண்களே அதிகம். மாதம் சுமார் 23 ஆயிரம் வாங்கிய கூலி 16 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிடும் என்றார்கள். நிரந்தர வேலை கேட்டார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு அறிவித்தது. உணவை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது உணவு அல்ல, வேலை உரிமை. பஞ்சத்தில் வந்தவருக்குக் கஞ்சி ஊற்றலாம். உழைப்பவருக்குக் கொடுக்க வேண்டியது கூலி.

நாம் செய்ய வேண்டியது

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார் அண்ணல் அம்பேத்கர். அவர் வழியில் நின்ற தாதாசாகேப் கெய்க்வாட், 1959-ல் மகாராஷ்டிரத்தில் நிலமற்றவர்களைத் திரட்டி நிலப் போராட்டம் நடத்தினார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நகரத்துக்குப் போவோம், படிப்போம், வேலை கேட்போம். அதற்காக ஊரில் உள்ள நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். 'நிபந்தனை ஒப்படை', 'டி.சி.' போன்ற குறிப்புகள் எந்தப் புல எண்ணில் உள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புலத்தில் இன்று யார் உழுகிறார்கள், யார் மனை போட்டு விற்கிறார்கள் என்று எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் காட்டி, கிராம சபையில் மனுவாக வையுங்கள். ஒரே மனுவில் நிலம் திரும்பிவிடாது. ஆனால் இத்தனை ஏக்கர், இந்தப் புல எண் என்று கணக்கோடு பேசும் சேரியை, ஒரு வேளைச் சோற்றைக் காட்டி யாரும் திருப்பி அனுப்ப முடியாது.