ஒரு கொக்கியும் ஓர் உருண்டை நூலும்

மதுரைப் பக்கத்தில் ஒரு பெண்மணி கம்பளி நூலும் ஊசியுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். "சித்திரை வெயிலில் தார் ரோடே உருகுகிறது, இந்த ஊருக்கு ஸ்வெட்டர் ஒன்றுதான் குறைச்சலாக்கும்!" என்பார்கள். பேச்சு நியாயமானதுதான். ஆனால் அப்படிச் சிரிக்கிறவர்கள் மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை திருவாதவூருக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். மாணிக்கவாசகர் அவதரித்த தலம். கண்மாய்த் தண்ணீரையும் வயல் ஈரத்தையும் தொட்டுக்கொண்டு வருகிற காற்று, அந்த வேளையில் எலும்பு வரை போகும். கோலமாவுக் கிண்ணத்துடன் வாசலுக்கு வருகிற பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். திருமறைநாதர் கோயிலுக்குக் கிளம்புகிற பெரியவர் தலையில் மப்ளர் ஏறிவிடுகிறது. இடுப்பிலே இருக்கிற கைக்குழந்தைக்குக் காதை மறைத்து ஒரு குல்லா. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பும் திருவெம்பாவையைத் தந்தவர் பிறந்த மண்ணிலேயே, அந்த விடியலுக்கு ஒரு குல்லா தேவையாகத்தான் இருக்கிறது!

அந்தக் குல்லா கடையில் வாங்கியதாக இருக்கலாம். அம்மாயியோ அத்தையோ பின்னியதாகவும் இருக்கலாம். பின்னியவரைப் பாராட்டிப் பாருங்கள். "அட, இதென்ன பிரமாதம்! சும்மா பொழுது போகவில்லை, பின்னினேன்" என்றுதான் பதில் வரும். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் சொல்லிவிட்ட வார்த்தை இது! இந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பிறகு அவ்வளவு சுலபமாகச் 'சும்மா' என்று சொல்ல வாய் வராது.

இயந்திரத்துக்கு எட்டாத வேலை

நிட்டிங்கும் குரோஷாவும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் கண்ணி கோக்கும் வேலைதான். ஆனால் முறை வேறு. நிட்டிங்குக்கு இரண்டு ஊசிகள். ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே காத்திருக்கும். ஒரு கண்ணி நழுவினால் கீழ் வரிசை வரை சரசரவென்று இறங்கிவிடும். குரோஷாவுக்கோ நுனி வளைந்த ஒரே ஒரு கொக்கி ஊசி. ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்த கண்ணிக்குப் போகிறோம். ஆகையால் அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். நிட்டிங் துணி இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். ஸ்வெட்டருக்கும் காலுறைக்கும் ஏற்றது. குரோஷா சற்று விறைப்பாக, வடிவம் மாறாமல் நிற்கும்; மேஜை விரிப்புக்கும் பைக்கும் ஏற்றது.

இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-ஆம் வருஷத்திலேயே காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழுமே என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமை கொடுக்க மறுத்துவிட்டாளாம். ராணி தடுத்தும் இயந்திரம் நிற்கவில்லை. இன்று திருப்பூரில் மலை மலையாகக் குவிகிற பனியன்கள் எல்லாம் அதே நிட்டிங் கண்ணிகள்தாம். இயந்திரம் போடுகிற கண்ணிகள்.

குரோஷாவின் சங்கதி வேறு. அதைப் போலத் தோற்றமளிக்கும் துணியை இயந்திரம் நெய்துவிடும். அசல் குரோஷாவையே பின்னும் இயந்திரம் மட்டும் இன்றுவரை தொழிற்சாலைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. கடையில் அசல் குரோஷா மேல்சட்டை ஒன்று தொங்கினால், அதன் ஒவ்வொரு கண்ணியையும் எங்கோ ஒரு கை போட்டிருக்கிறது என்று அர்த்தம். விலைச் சீட்டைப் பார்த்து "அடேயப்பா, மலிவாக இருக்கிறதே!" என்று நாம் மகிழும்போது, அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதையும் ஒரு கணம் நினைக்கத்தான் வேண்டும்.

விடுதலை வாங்கித் தந்த லேஸ்

தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போவோம். 1819-ஆம் வருஷக் கடைசியில் மார்த்தா மால்ட் என்ற ஆங்கில மாது, மிஷனரியான தம் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கி, எழுத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். குரோஷா அல்ல அது. திண்டு போன்ற தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ்.

திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் அடிமை முறை 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முந்திய காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெண்களில் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். லேஸ் விற்று வந்த காசைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள் சிலர்! நூலும் கட்டையுமாக உட்கார்ந்து பின்னியதற்கு இதைவிடப் பெரிய பலன் வேறென்ன வேண்டும்?

மார்த்தா மால்ட்டின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய அதே கால்டுவெல்தான். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் புகுந்த வீடு போன எலைசா, தாயிடம் கற்ற லேஸ் வேலையையும் சீதனம்போலக் கொண்டு போனார். சிவந்த தேரி மணலும் பனைமரங்களுமாக இருந்த அந்த ஊரின் பெண்களுக்கும் அது ஒரு கைத்தொழில் ஆயிற்று. பிற்பாடு 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த கன்னியாஸ்திரீ மாரி லூயிஸ் தெமீஸ்தர் நடத்திய அனாதைப் பெண்கள் இல்லத்திலும் ஊசி வேலை பிழைப்புக்கு வழியாக இருந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. கன்னிமாடங்களில் கற்றுக்கொண்ட குரோஷா லேஸை விற்றுத்தான் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின.

நரசாபுரத்துக் கணக்கு

இனிப்பான பகுதி இத்துடன் சரி. கோதாவரி டெல்டாவில் நரசாபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் பல தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னி வருகிறார்கள். மேஜை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின.

மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் அந்தக் கிராமங்களில் ஆராய்ந்து, 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது என்ன? சமையல், தண்ணீர் எடுப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் போக, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் பெண்கள் லேஸ் பின்னினார்கள். கிடைத்த காசோ வயலில் நாற்று நட்டவர்களின் கூலியைவிட மிகக் குறைவு. பூ பின்னுகிறவள் ஒருத்தி, அவற்றை இணைக்கிறவள் வேறொருத்தி. முழு விரிப்பு எப்படியிருக்கும், எங்கே போகும், என்ன விலைக்கு விற்கும் என்பது பின்னியவளுக்கே தெரியாது.

ஏன் இப்படி? "அவர்கள் குடும்பப் பெண்கள், சும்மா இருக்கிற நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்று வியாபாரிகள் சொன்னார்கள். வீட்டு ஆண்களும் அதையே சொன்னார்கள். பெண்களும் அதையே நம்பினார்கள்! வயலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருந்து பின்னுவது கௌரவம் என்று எண்ணினார்கள். கௌரவம் வயிற்றை நிரப்பவில்லை. ஏற்றுமதி செய்தவர்களின் பெட்டியை நிரப்பியது.

நரசாபுரம் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பெயர் கிடைத்தது நல்லதுதான். பின்னுகிறவள் கைக்குக் காசும் வந்து சேர வேண்டும்.

பலர் கூடிப் பின்னினால்...

காசுக்காக அல்லாமல் பின்னிய கைகளும் உண்டு. 1962 அக்டோபரில் சீன யுத்தம் மூண்டபோது, லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் நம் ஜவான்கள் போதிய கம்பளி உடை இல்லாமல் பனியில் நின்றார்கள். செய்தி பரவியதும் நாடெங்கும் பெண்கள் ஊசியை எடுத்துவிட்டார்கள். பனியையே பார்த்தறியாத ஊர்களிலிருந்துகூட ஸ்வெட்டரும் மப்ளரும் காலுறையுமாக மூட்டைகள் போயின.

அண்மைக் காலத்தில் சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவைச் சேர்த்தார். பலர் பின்னிய சதுரங்களை இணைத்து, 2016 ஜனவரி 31-இல் 11,148.5 சதுர மீட்டர் கம்பளம் ஒன்றைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! காட்சி முடிந்ததும் அது தனித்தனிப் போர்வைகளாகத் தேவையானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லூரிப் பெண்ணிலிருந்து பாட்டி வரை அதில் கை போட்டிருந்தார்கள்.

நம் வீட்டுக்கு எது ஏற்றது?

நமக்கு இரண்டே முக்கால் ஏக்கர் வேண்டாம். தொட்டில் குழந்தைக்கு ஒரு போர்வை போதும். முதலில் நூல். மதுரைச் சமவெளிக்குப் பருத்தியே மேல். வியர்வையை உறிஞ்சும், அடிக்கடி துவைக்கலாம். மதுரைக்காரர்கள் ஹார்வி மில் என்று சொன்ன மதுரா மில்ஸ், பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆயிற்று. பின்னுகிறவர்கள் தேடி வாங்கும் ஆங்கர் நூலுக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் உண்டு. நூலுக்கு நாம் வெளியூரைப் பார்க்க வேண்டியதில்லை!

'உல்லன்' என்று கடைகளில் மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் அல்ல. அக்ரிலிக் என்ற செயற்கை நூல். பைக்கும் பொம்மைக்கும் பரவாயில்லை. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியை மட்டும் அதில் பின்னாதீர்கள். சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பிடிதுணிக்குப் பருத்தி நூல்தான்.

பின்னும் முறை இதோ:

முதலில் 4 செயின் போட்டு, முதல் செயினோடு இணைத்து ஒரு வளையமாக்குங்கள். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் 3 கண்ணிகள் நிற்கும். அவற்றை இரண்டிரண்டாக இரண்டு தடவை கழற்றினால் ஒரு டிரெபிள். அமெரிக்கப் புத்தகங்களில் இதையே டபிள் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

முதல் சுற்று: 3 செயின் ஏற்றுங்கள், இது ஒரு டிரெபிளுக்குச் சமம். வளையத்துக்குள்ளேயே இன்னும் 2 டிரெபிள், பிறகு 2 செயின். அடுத்து 3 டிரெபிள், 2 செயின் என்று மூன்று தடவை போட்டு, ஆரம்பத்தோடு இணைத்துவிட்டால் நான்கு மூலை வந்துவிடும்.

இரண்டாவது சுற்று: ஒவ்வொரு மூலைச் சந்திலும் 3 டிரெபிள், 2 செயின், 3 டிரெபிள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவே 1 செயின். மூன்றாவது சுற்றிலிருந்து மூலைகளை இதே மாதிரி போட்டுக்கொண்டு, பக்கங்களில் உள்ள ஒவ்வொரு சந்திலும் 3 டிரெபிள் போட்டு 1 செயின் விடுங்கள். சதுரம் 4 அங்குலம் வந்ததும் முடித்துவிடலாம்.

இப்படி 64 சதுரங்கள் பின்னி, எட்டுக்கு எட்டாக இணைத்தால் 32 அங்குலப் போர்வை தயார். தினம் ஒரு சதுரம் என்றால் இரண்டு மாதமும் சில நாட்களும் ஆகும். மருமகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தொடங்கினால், பிள்ளை பிறக்கும்போது போர்வை காத்துக்கொண்டிருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு தலைவழியாகவும் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் தாயின் மார்போடு அணைத்து வைத்துக் காப்பாற்றும் கங்காரு முறையிலும் குழந்தைக்குக் குல்லா போடச் சொல்கிறார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் தொடங்கிய முறை அது. ஆனால் பூரண வளர்ச்சியோடு பிறந்து நன்றாக இருக்கும் குழந்தைக்குப் பங்குனி வெயிலில் குல்லா மாட்டி வேர்க்கவிடுவது கூடாது. குழந்தையின் துணியில் பொத்தானோ மணியோ தைக்காதீர்கள். பிய்ந்தால் வாய்க்குள் போய்விடும். பெரிய கண்ணியாக இருந்தால் சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். தூங்கும் குழந்தையின் முகத்தின்மேல் போர்வை ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசல் கம்பளியைத் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். நிழலில் பரப்பி உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையோடு மடித்து வையுங்கள்.

விலை சொல்லக் கூச்சம் எதற்கு?

வேலை நன்றாக வந்தால், தெருவில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். "எனக்கும் ஒன்று பின்னித் தாங்க அக்கா, நூல் காசு தந்துடறேன்" என்பார்கள். இங்கேதான் நரசாபுரத்துக் கணக்கு ஞாபகத்துக்கு வர வேண்டும். பேத்திக்கும் நாத்தனார் பிள்ளைக்கும் பின்னுவது பாசம். அதற்கு விலை கிடையாது. மற்றவர்களுக்குப் பின்னுவது வேலை. அதற்குக் கூலி உண்டு.

உதாரணத்துக்கு, ஒரு விரிப்புக்கு 300 ரூபாய் நூல் ஆகிறது, 30 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் என்று குறைவாகப் போட்டாலும் கூலி 1,500 ரூபாய். ஆக 1,800 ரூபாய்க்குக் கீழே கொடுத்தால், நீங்கள் உங்கள் கைக்குக் கடன் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எடுத்த நூலையும் செலவான மணியையும் தேதி போட்டு எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். நீங்கள் சொல்லிப் புரியாதது, அதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்த தடவை யாராவது உங்கள் கைவேலையைப் பாராட்டினால், "பொழுது போகவில்லை, பின்னினேன்" என்று சொல்லாதீர்கள். "பொழுதைப் போட்டுப் பின்னினேன்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.