கூட்டம் முடிந்த பிறகு வேலையைத் தொடங்கும் இயந்திரம்

2020 பொதுமுடக்கக் காலத்தில் தமிழ் அமைப்புகள் பலவும் ஜூமுக்குக் குடிபெயர்ந்தன. நூல் அறிமுகம், தொல்லியல் உரை, ஆசிரியர் பயிற்சி, ஊர்ச் சங்கத்தின் பொதுக்குழு என எல்லாம் திரைக்கு வந்தன. நிறையக் கூட்டங்கள் பதிவும் செய்யப்பட்டன. ஆனால் ஒன்றரை மணி நேர வீடியோவில் கீழடி பற்றிப் பேசிய மூன்று நிமிடம் எங்கே இருக்கிறது? கோப்பின் பெயரைப் பார்த்தால் தெரியாது. முழுவதையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுதி எடுக்கப் பழகியவர்களுக்கே நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பது வழக்கமான கணக்கு. அதற்கு ஆளும் பணமும் எந்தச் சிறிய அமைப்பிடம் இருக்கிறது?

இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை மனிதக் கை படாமல் செய்ய இன்று முடியும். தேவைப்படுவது ஒரு சாதாரணக் கணினியும் சில இலவச மென்பொருள்களும்தான்.

தொடக்கம் ஒரு சிறிய தகவலில் இருக்கிறது. ஜூமின் கட்டணக் கணக்கில் கூட்டம் கிளவுடில் பதிவாகும். பதிவு தயாரானதும், நாம் முன்பே கொடுத்துவைத்த இணைய முகவரிக்கு ஜூமே ஒரு செய்தி அனுப்பும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர். தபால்காரர் வந்தாரா என்று அடிக்கடி வாசலுக்குப் போய்ப் பார்ப்பதற்கும், அவரே மணியடித்துக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. செய்தி வந்தவுடன் நம் கணினியில் காத்திருக்கும் நிரல் விழித்துக்கொண்டு கோப்பைத் தரவிறக்குகிறது. இலவசக் கணக்கில் கிளவுட் பதிவு கிடையாது. கூட்டம் நடத்துபவரின் கணினியிலேயே கோப்பு சேரும். அப்போது அந்தக் கோப்பு சேரும் ஃபோல்டரை நிரல் கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்து, வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரிக்க வேண்டும். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. ஒலியை நொடிக்கு 16,000 மாதிரிகளாக மாற்றுவது வழக்கம். பேச்சை விளங்கிக்கொள்ளத் தேவையான அதிர்வெண்கள் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அவற்றைப் பிடிக்க அதுபோல் இருமடங்கு மாதிரிகள் வேண்டும்.

அதன் பிறகுதான் உண்மையான அதிசயம்: பேச்சு எழுத்தாக மாறுவது. 1952-இல் பெல் ஆய்வகம் உருவாக்கிய ஆட்ரி என்ற இயந்திரத்தால் இலக்கங்களை மட்டுமே கேட்டு அடையாளம் காண முடிந்தது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்ட விஸ்பர், தமிழ் உட்படப் பல மொழிகளின் பேச்சை எழுத்தாக்குகிறது. ஒலியை அது 30 நொடித் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளந்து ஒரு படம்போல ஆக்கும். அந்தப் படத்தைப் பார்த்து, இதுவரை எழுதியதையும் கணக்கில் கொண்டு, அடுத்து வரக்கூடிய எழுத்துத் துணுக்கை ஊகிக்கும். கூடவே நேரக் குறிப்பும் போடும். கீழடி என்று தேடினால் வீடியோவின் சரியான நிமிடத்துக்கே போக முடிவது அந்தக் குறிப்பால்தான்.

ஊகம் என்பதால் தவறும் உண்டு. ஒலியில் பேச்சில்லாத இடங்களில், யாரும் சொல்லாத வாக்கியத்தை விஸ்பர் சில சமயம் தானாக எழுதிவிடும். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, தான் சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 சதவீதத்தில் இப்படிப்பட்ட கற்பனை வரிகளைக் கண்டது. பேச்சில்லாத பகுதிகளை முன்கூட்டியே வெட்டி எறிந்தால் இது வெகுவாகக் குறையும். அந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது என்பேன். வராத தீர்மானம் ஒன்று சங்கத்தின் குறிப்பேட்டில் ஏறினால் என்ன ஆகும்!

தமிழுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். விஸ்பரின் முதல் பதிப்பு 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளில், அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்ட பேச்சு மொத்தமாகவே 1,17,000 மணி நேரம்தான். நம் கூட்டங்களிலோ மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் வரும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்தான் அதிகம் சிதையும். பேச்சாளர்களின் பெயர்களையும் துறைச் சொற்களையும் சிறு பட்டியலாக முன்பே கொடுத்துவிட்டால் விஸ்பர் அவற்றின் பக்கம் சாயும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பயிற்றிய எழுத்தாக்க மாடல்களையும் இலவசமாகத் தந்திருக்கிறது. உங்கள் பதிவு ஒன்றை இரண்டிலும் ஓடவிட்டு, எது குறைவாகத் தவறுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பேசியது என்பது தனிக் கேள்வி. குரலின் தன்மையை எண்களாக்கி, ஒத்த குரல்களைச் சேர்த்துப் பிரிக்கும் பைஅனோட் போன்ற நிரல்கள் இருக்கின்றன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அவையும் தடுமாறும். இதைவிட எளிய வழி, ஒவ்வொருவர் ஒலியையும் தனிக் கோப்பாகப் பதியும்படி ஜூமிலேயே அமைத்துவிடுவது.

சேமிப்பில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சுருக்கிய ஒரு மணி நேர ஒலி 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். எழுத்துப்படி சில நூறு கிலோபைட்கூடத் தாண்டாது. கவனிக்க வேண்டியது ஒழுங்கைத்தான். தேதி, கூட்டத்தின் பெயர், பேச்சாளர் என ஒரே முறையில் நிரலே கோப்புக்குப் பெயரிட வேண்டும். வேறு வேறு இடங்களில் பிரதி இருக்க வேண்டும். கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே கிளவுடில் இருப்பதை அழிக்க வேண்டும். எழுத்துப்படி கிடைத்துவிட்டதே என்று ஒலியைத் தூக்கி எறிவது பெரிய தவறு. சந்தேகம் வந்தால் சாட்சி ஒலிதான். நாளை இன்னும் நல்ல மாடல் வரும்போது அதே ஒலியிலிருந்து இன்னும் நல்ல எழுத்துப்படி கிடைக்கும்.

பதிவு செய்கிறோம், எழுத்தாக்குகிறோம் என்பதைக் கூட்டத் தொடக்கத்திலேயே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். அந்தரங்கமான கூட்டமென்றால் ஒலியை வெளிச் சேவை எதற்கும் அனுப்பாதீர்கள். விஸ்பரை உங்கள் கணினியிலேயே இணையம் இல்லாமல் ஓட்டலாம்.

உங்கள் அமைப்பின் 2020, 2021 பதிவுகள் யாருடைய கணக்கில் இருக்கின்றன என்று இந்த வாரமே விசாரியுங்கள். சந்தா நின்றுபோன கணக்கில் பதிவுகள் நெடுநாள் தங்காது. முதலில் அவற்றை இறக்கி வையுங்கள். எழுத்தாக்குவதைப் பிறகு பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.