ஒரு வாட் குரல்

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஊர், அவருடைய கல்லறை இருக்கும் ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே ஊரில்தான் 1908 ஆகஸ்டில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் வீடுகளைக் கொளுத்தி, இருவரைக் கொன்றது. அந்தக் கலவரத்தின் எதிரொலியாகத்தான் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் 1909-ல் பிறந்தது.

அந்த ஊரில் ஜான் ஹே குடியிருப்பு என்று ஒன்று இருந்தது. அரசு கட்டிய ஏழைகள் குடியிருப்பு. நம் ஊர் ஹவுசிங் போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள். அங்கே வாழ்ந்த பார்வையற்ற மனிதர் முபானா கான்டாகோ. விருந்துகளில் பாட்டுப் போட்டுப் பிழைத்தவர். 1987 நவம்பரில், குடியிருப்போர் உரிமைச் சங்கத்தின் பெயரில், தன் வீட்டிலிருந்தே ஒரு வானொலியைத் தொடங்கினார். துண்டறிக்கையை வாசிக்க எழுத்து தெரிய வேண்டும்; வானொலிக்குக் காது போதும்.

கருவிகளுக்கு ஆன செலவு சுமார் 600 டாலர். ஒலிபரப்பியின் சக்தி ஒரே ஒரு வாட். அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்புகூட அதைவிட அதிக மின்சாரம் குடிக்கும். ஓரிரு கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. ஆனால் ஊரின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அந்த வட்டத்துக்குள்தான் குடியிருந்தார்கள். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் மண்ணில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒதுக்கி வைத்தவர்களே ஒரு வாட்டைப் போதுமானதாக்கிவிட்டார்கள்.

உரிமம் இல்லையே என்று கேட்கலாம். விண்ணப்பித்தாலும் கிடைத்திருக்காது. 100 வாட்டுக்குக் குறைந்த புதிய நிலையங்களுக்கு உரிமம் தருவதை 1978-லேயே அரசு நிறுத்திவிட்டது. பெரிய நிலையம் வைக்க ஏழைகளிடம் பணம் ஏது?

ஓராண்டுக்கு மேல் அந்த வானொலியை யாரும் கண்டுகொள்ளவில்லை. காவல்துறையிடம் அடிபட்டவர்கள் அதில் வந்து நடந்ததைத் தங்கள் வாயால் சொல்லத் தொடங்கியதும்தான் சட்டம் விழித்துக்கொண்டது. காவல்துறை புகார் செய்தது. 1989-ல் நிலையத்தை மூடு என்று உத்தரவு. 750 டாலர் அபராதம். கான்டாகோ சிறிது நாள் நிறுத்தினார். பிறகு பத்திரிகையாளர்களை அழைத்து, எல்லோரும் அறிய மீண்டும் ஒலிபரப்பினார். அபராதம் கட்டவில்லை. மனைவியும் பிள்ளைகளும் நிலையத்தை நடத்தத் துணை நின்றார்கள்.

இந்தியாவில் 2008-ல் தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ உரிமத்தோடுதான் தொடங்கியது. விதை, மழை, பாட்டு எல்லாம் பேசலாம். ஆனால் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாமே தவிர, சமுதாய வானொலி எதுவும் சொந்தமாகச் செய்தி சொல்ல விதி இடம் தருவதில்லை. காவல் நிலையத்தில் ஒருவர் அடிபட்டால் அதுவும் செய்திதானே?

ஜான் ஹே குடியிருப்பு 1990-களில் இடிக்கப்பட்டது. கான்டாகோ வேறு வீட்டுக்குப் போனார்; வானொலியும் கூடவே போனது. அவரைப் பார்த்துப் பல ஊர்களில் இப்படிக் குறுவானொலிகள் முளைத்தன. கடைசியில் 2000-ல் அரசு இறங்கிவந்து, 100 வாட் வரையிலான சிறு நிலையங்களுக்கு உரிமம் தர முன்வந்தது. அதே ஆண்டில் அதிகாரிகள் கான்டாகோவின் கருவிகளைப் பறித்துச் சென்றனர். டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இன்னொன்றும் சொன்னது: முன்பு உரிமமின்றி ஒலிபரப்பியவர்களுக்கு இந்த உரிமம் கிடையாது.